கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து போட்டும் குறையவில்லை: இரண்டாவது பாட்டில் தொடங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கரிசல்மண்:
வணக்கம். அம்மாவுக்கு வயது 68. இரண்டு கண்ணிலும் திறந்த கோண வகை க்ளாக்கோமா (கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் திறந்திருந்தும் பிரஷர் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய்). சிகிச்சைக்கு முன் பிரஷர் (mmHg அளவில்) வலது 26, இடது 28. லாட்டனோபிராஸ்ட் 0.005% இரவு ஒரு வேளை, நான்கு மாதமாகப் போடுகிறார். இப்போதைய பரிசோதனையில் வலது 23, இடது 24. டாக்டர் வைத்திருக்கும் இலக்கு 18. அதனால் பிரிமோனிடினும் டிமோலாலும் சேர்ந்த சொட்டு மருந்தைக் காலையும் இரவும் கூடுதலாகப் போடச் சொல்லி எழுதியிருக்கிறார். இன்னும் வாங்கவில்லை. அம்மாவுக்குப் பனிக்காலத்தில் வீசிங் உண்டு, இன்ஹேலர் வைத்திருக்கிறார். டாக்டர் அதைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. முதல் மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புது மருந்தை ஆரம்பிக்கலாமா?

விழிநலம்_நெல்லை (ஆப்டோமெட்ரிஸ்ட்):
புது பாட்டிலை வாங்காதீர்கள். நாளைக்கே டாக்டருக்குப் போன் செய்து வீசிங் விஷயத்தைச் சொல்லுங்கள். டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர், அதாவது இதயத் துடிப்பைக் குறைக்கும் வகை மருந்து. கண்ணில் விடும் சொட்டில் 80% வரை கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலக்கும். மாத்திரையாக விழுங்கினால் கல்லீரல் முதலில் கொஞ்சம் சிதைக்கும். மூக்குச் சவ்வு வழியாகப் போனால் அந்தத் தடுப்பும் இல்லை. ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் இறுகிவிடும். நாடித்துடிப்பு ஏற்கெனவே 60-க்குக் கீழே இருப்பவர்கள், இதயத்தின் மின்துடிப்பில் தடை (ஹார்ட் பிளாக்) உள்ளவர்கள் ஆகியோருக்கும் டிமோலால் ஆகாது. கண் மருந்துதானே என்று நினைப்பவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கூட்டு மருந்துகள் பலவற்றில் டிமோலால் மறைந்திருக்கும். டார்சோலமைடோடு, பிரிமோனிடினோடு, லாட்டனோபிராஸ்டோடு என்று எல்லாவற்றோடும் சேர்த்து வருகிறது. பிராண்டு பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் வரியை வாசிக்க வேண்டும்.

இனி கணக்கு. 26-லிருந்து 23 என்றால் ஏறக்குறைய 11% இறக்கம். 28-லிருந்து 24 என்றால் 14%. லாட்டனோபிராஸ்ட் வகை மருந்து ஒழுங்காக உள்ளே போனால் 25 முதல் 33% வரை குறைக்க வேண்டும். அம்மாவின் 28 அப்போது 19, 21 என்ற கணக்கில் வந்திருக்கும். இவ்வளவு குறைவாக இறங்கினால் இரண்டு காரணம்தான். ஒன்று, இந்த மருந்துக்குச் சரியாக இறங்காத கண். அப்படிச் சிலர் உண்டு, ஆனால் குறைவு. மற்றது, மருந்து கண்ணுக்குள் தினமும் போகவில்லை. இரண்டாவதைச் சோதிக்காமல் இன்னொரு பாட்டிலைச் சேர்த்தால் அதுவும் அதே வழியில்தான் வீணாகும். பாட்டில் எங்கே இருக்கிறது, ஒன்று எத்தனை நாள் வருகிறது, யார் போட்டுவிடுகிறார்கள் என்று சொல்லுங்கள்.

கரிசல்மண்:
நன்றி சார். டாக்டரிடம் நாளை காலை பேசுகிறேன். அம்மாவே போட்டுக்கொள்கிறார். பாட்டில் சாமி ரூம் அலமாரியில் இருக்கிறது. 2.5 மி.லி. பாட்டில் 20 நாளுக்குள் தீர்ந்துவிடுகிறது. அடுத்தது மாதம் பிறந்துதான் வாங்குவோம். நுனியை ஊசியால் குத்தித் திறந்திருக்கிறார்.

மருந்துக்கடை_மேலவீதி (பார்மசிஸ்ட்):
அப்படியானால் காரணம் பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது.

முதலில் ஊசி. இங்கே விற்கும் பல சொட்டு பாட்டில்களின் நுனி மூடியே வரும். மூடியின் உட்புறத்தில் ஒரு சின்ன முள் இருக்கும். மூடியைக் கடைசி வரை வலப்பக்கம் இறுக்கித் திருகினால் அந்த முள் நுனியைத் துளைக்கும். பிறகு திருகிக் கழற்றினால் அளவான துளை கிடைக்கும். சில பாட்டிலில் மூடிக்கும் கழுத்துக்கும் நடுவே பாதுகாப்பு வளையம் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் முள் எட்டாது. அது எட்டாமல்தான் பலர் குண்டூசி, சேஃப்டி பின் என்று தேடுகிறார்கள். ஊசித் துளை பெரிதாகவும் கோணலாகவும் விழும். சொட்டு பெருத்துப் போகும், சில நேரம் இரண்டு மூன்று சேர்ந்தே ஒழுகும். ஊசியிலிருக்கும் கிருமியும் உள்ளே போகும்.

இப்போது எண்ணிக்கை. 2.5 மி.லி. பாட்டிலில் நல்ல துளையில் சுமார் 80 சொட்டு வரும். இரண்டு கண்ணுக்கும் தினம் ஒன்று என்றால் மாதம் 60. கை தவறி வெளியே விழ 20 சொட்டு உபரி. 20 நாளில் தீர்கிறது என்றால் தினம் 4 சொட்டு போகிறது. அதன் பிறகு மாதம் பிறக்கும்வரை கண்ணில் மருந்தே இல்லை. லாட்டனோபிராஸ்ட் ஒரு சொட்டு ஏறத்தாழ 24 மணி நேரம் தாங்கும். பத்து நாள் விடுபட்டால் பிரஷர் பழைய இடத்தை நோக்கி ஏறத்தான் செய்யும். பரிசோதனை மாதக் கடைசியில் நடந்திருந்தால் அந்த 23-ம் 24-ம் மருந்தின் அளவு இல்லை, மருந்து இல்லாத நாட்களின் அளவு.

அடுத்தது வெப்பம். திறக்காத லாட்டனோபிராஸ்ட் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். திறந்தபின் 25 டிகிரிக்குள் 6 வாரம் வரை வைக்கலாம் என்பது மருந்தின் மூலக் குறிப்பு. நம் ஊர் சித்திரை வெயிலில் வீட்டுக்குள்ளேயே 35-ஐத் தாண்டும். ஆகவே திறந்தபின்னும் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். வெளிச்சம் படாமல் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். விளக்கு எரியும் சாமி ரூம் இதற்கு இடமில்லை. கடையில் வாங்கும்போதும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள், வெளி அலமாரியிலிருந்து தந்தால் வேறு கடைக்குப் போங்கள். அறை வெப்பத்தில் வைக்கலாம் என்று அச்சிட்ட தயாரிப்புகளும் உண்டு, அவற்றுக்குப் பெட்டியில் போட்டிருப்பதே சட்டம்.

திறந்த தேதியை மார்க்கரால் பாட்டில் மேலேயே எழுதிவிடுங்கள். திறந்து ஒரு மாதம் ஆனால், உள்ளே மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்லிப் பெரும்பாலான பெட்டியில் அச்சிட்டிருக்கும். எக்ஸ்பைரி தேதி மூடிய பாட்டிலுக்கு மட்டும்தான். அடுத்த பாட்டில் வாங்குவதை மாதப் பிறப்போடு கட்டாதீர்கள். கையில் இருக்கும் பாட்டில் தீர ஒரு வாரம் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். விலை இடிக்கிறது என்றால் பொதுப்பெயரில் எழுதித் தரச் சொல்லி, மக்கள் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

வார்டு_சிஸ்டர்:
மேலவீதி அண்ணன் சொன்னதோடு, போடும் முறையை நான் சொல்கிறேன். இரண்டு சொட்டு விட்டால் இரட்டிப்பாக வேலை செய்யும் என்று நிறைய அம்மாக்கள் நினைக்கிறார்கள். கீழ் இமைக்குள் நிற்கும் இடமே ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர்தான். ஒரு சொட்டே 30-லிருந்து 50 வரை இருக்கும். முதல் சொட்டிலேயே நிரம்பி வழிகிறது. இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிக்கொண்டு கன்னத்தில் இறங்கும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, அம்மா தலையணை இல்லாமல் மல்லாந்து படுக்கட்டும், அல்லது நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்க்கட்டும். இடது கை ஆள்காட்டி விரலால் கீழ் இமையை மெதுவாகக் கீழே இழுத்தால் உள்ளே சிவப்பாக ஒரு குழி தெரியும். மருந்து விழ வேண்டிய இடம் அதுதான், கருவிழி இல்லை. கருவிழி மேல் விழுந்தால் கண் சட்டென்று மூடிக்கொள்ளும், மருந்து வெளியே தெறிக்கும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கண்ணுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து ஒரு சொட்டு. நுனி இமையிலோ முடியிலோ பட்டால் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும், அதற்குப் பிறகு தினமும் கிருமியைத்தான் விடுகிறோம்.

சொட்டு விழுந்ததும் கண்ணைச் சாதாரணமாக மூட வேண்டும். இறுக்கிப் பிழியக் கூடாது, படபடவென்று சிமிட்டவும் கூடாது. ஒவ்வொரு சிமிட்டலும் மருந்தை மூக்குக்குழாய்க்குள் தள்ளும். மூடிய கண்ணோடு, மூக்கை ஒட்டிய உள்மூலையில் ஒரு விரலை வைத்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் சின்னதாக எலும்பு விளிம்பு தட்டுப்படும், அதன் மேல் அழுத்தினால் போதும், விழியை அழுத்தக் கூடாது. பிறகு வெளியே வழிந்ததை டிஷ்யூவால் துடைத்து, இமையைச் சுற்றி ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். லாட்டனோபிராஸ்ட் தோலில் தங்கினால் கண்ணைச் சுற்றிக் கருக்கும், முடியும் அடர்த்தியாகும்.

உள்ளே விழுந்ததா என்று தெரியாமல் திரும்பத் திரும்ப விடுபவர்களுக்கு ஃப்ரிட்ஜ் பாட்டில் உதவும். குளிர்ச்சி பட்டதும் தெரியும், அடுத்த சொட்டு தேவைப்படாது.

வடமராட்சி_முனை:
சிஸ்டர் சொன்ன முறை சரிதான், ஆனால் கை நடுங்குகிற ஆக்களுக்கு அது சரிவராது. எங்கட பக்கம் கிளினிக்கில் வயதுபோன ஆக்களுக்குச் சொல்லிக் குடுக்கிற முறை வேறை. நிமிர்ந்து படுத்து, கண்ணை மூடி, மூக்குப் பக்க உள்மூலையில் ஒரு சொட்டு விடவேணும். அந்த மூலை ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி, சொட்டு அங்கே நிற்கும். பிறகு தலையை ஆட்டாமல் கண்ணை மெதுவாகத் திறந்தால் மருந்து தானாக உள்ளே வழியும். போத்தலைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோறது பயமென்றால் இது நல்லது. உட்கார்ந்துதான் போடவேணும் என்றால், இமையை இழுக்கிற கையின் மேலே போத்தல் பிடிக்கிற கையின் மணிக்கட்டை ஊன்றினால் நடுக்கம் குறையும்.

போத்தலை அமத்த விரலில் பலம் இல்லாத மூட்டுவாத ஆக்களும் இருக்கினம். அவைக்கு வீட்டில் ஒராள் போட்டுவிடுறதுதான் ஒரே வழி. அம்மா போடுறதை ஒருக்கால் பக்கத்தில் நின்று பாருங்கோ அண்ணை. கேட்டால் எல்லாரும் "ஒழுங்காய்ப் போடுறன்" என்றுதான் சொல்லுவினம்.

விழிநலம்_நெல்லை:
வடமராட்சி சொல்லும் மூடிய கண் முறை நல்லதுதான். ஆனால் உள்மூலையில் கண் பீளையோ மையோ இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோகும். முதலில் சுத்தமான ஈரப்பஞ்சால் துடைத்துவிட வேண்டும். பழகும்வரை செயற்கைக் கண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்துப் பயிற்சி எடுக்கலாம், விலையுள்ள மருந்து வீணாகாது.

தெளிவிழி (கண் மருத்துவர்):
இழையை முழுவதும் வாசித்தேன். கரிசல்மண் அவர்களே, நான் அம்மாவைப் பார்க்காததால் உங்கள் டாக்டரின் இடத்தில் நின்று எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் மூன்று செய்தி போய்ச் சேர வேண்டும்: வீசிங் இருக்கிறது, பாட்டில் 20 நாளில் தீர்ந்து மாதம் பத்து நாள் மருந்து இல்லாமல் போகிறது, ஊசியால் குத்திய பாட்டில் வெப்பத்தில் இருந்தது. இது தெரிந்தால் பெரும்பாலான மருத்துவர்கள் புது பாட்டிலில் லாட்டனோபிராஸ்டை மட்டும் ஒழுங்காகப் போடவைத்து 4 முதல் 6 வாரத்தில் மறுபடி அளப்பார்கள். நரம்பு ஏற்கெனவே மோசமாக இருந்தால் அதுவரை காத்திருக்காமல் டிமோலால் இல்லாத ஒன்றைச் சேர்ப்பார்கள்.

டிமோலால் ஆகாதவர்களுக்கு என்ன இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். டார்சோலமைட் 2%, பிரின்சோலமைட் 1% இரண்டும் கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைப்பவை. டார்சோலமைட் எரியும். பிரின்சோலமைட் எரிச்சல் குறைவு, ஆனால் பால் போன்ற கலவை, ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் மருந்து அடியிலேயே கிடக்கும். விட்டபின் சில நிமிடம் பார்வை மங்கும், வாயில் கசப்பு தட்டும். சிஸ்டர் சொன்ன விரல் அழுத்தத்தை ஒழுங்காகச் செய்தால் கசப்பு குறையும். சல்ஃபா மருந்துகளுக்குக் கடுமையான அலர்ஜி வந்தவர்கள், சிறுநீரகம் மிகவும் பழுதானவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிரிமோனிடின் தனியாகவும் கிடைக்கிறது. நுரையீரலுக்குப் பாதகமில்லை. ஆனால் வாய் வறளும், மதியம் தூக்கம் சொக்கும், சில மாதம் கழித்துக் கண் சிவந்து அரிக்கும் அலர்ஜி கணிசமானவர்களுக்கு வரும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்தப் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சே நின்றுபோகும் அபாயம் உண்டு. பிரின்சோலமைடும் பிரிமோனிடினும் சேர்ந்த, டிமோலால் இல்லாத கூட்டு மருந்தும் இருக்கிறது. நெட்டார்சுடில் 0.02%, ரிபாசுடில் 0.4% புதிய வகை. இரண்டிலும் கண் நன்றாகச் சிவக்கும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பிரஷர் இறங்கவில்லை என்று லாட்டனோபிராஸ்டை நீங்களாகவே காலையும் இரவும் ஆக்கிவிடாதீர்கள். இந்த வகை மருந்து ஒரு வேளைக்கு மேல் போனால் இறக்கும் திறன் குறையும். ஒரு இரவு மறந்தால் மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒரே சொட்டு, இரட்டிப்பு வேண்டாம்.

பொன்னிக்கரை:
டாக்டர், இப்போது லேசர்தானே முதலில் என்கிறார்கள்? 68 வயதில் தினம் இவ்வளவு பாடு படுவதற்கு ஒருமுறை எஸ்எல்டி (கண்ணுக்குள் நீர் வடியும் வழியில் செய்யும் லேசர்) செய்துவிட்டால் முடிந்ததே. இங்கிலாந்தில் லைட் என்ற ஆய்வு 2019-இல் வந்தது. லேசர் முதலில் செய்தவர்களில் 74% பேர் மூன்று வருடம் கழித்தும் சொட்டு மருந்தில்லாமல் இலக்கில் இருந்தார்கள். 2022-இல் அந்த நாட்டு வழிகாட்டியும் முதல் சிகிச்சையாக அதைச் சேர்த்துவிட்டது. நம் ஊரில் ஏன் இன்னும் பாட்டில் பாட்டிலாக எழுதுகிறார்கள்?

தெளிவிழி:
நியாயமான கேள்வி. நானும் தகுந்தவர்களுக்கு முதலிலேயே எஸ்எல்டி சொல்கிறேன். மருந்தை ஒழுங்காகப் போட முடியாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் "முடிந்ததே" என்ற சொல்லை ஏற்க மாட்டேன். விளைவு சில வருடங்களில் தேயும், மறுபடி செய்ய வேண்டி வரலாம். சிலருக்கு முதலிலேயே போதிய அளவு இறங்காது. கோணம் திறந்திருந்தால்தான் செய்ய முடியும், அதற்குக் கோனியோஸ்கோப்பி என்ற பரிசோதனையில் கண்ணின் மேல் கண்ணாடி லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் கோணம் மூடும் வகையும் நிறைய, அதற்கு முதலில் செய்வது வேறு லேசர், ஐரிஸ் என்ற நிறப்படலத்தில் துளையிடுவது. எஸ்எல்டி செய்துகொண்டவர் பரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. சொட்டு மருந்து போடுபவர் பாட்டில் வாங்கவாவது மருந்துக்கடைக்குப் போகிறார். லேசர் ஆனவர் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்.

கரிசல்மண் தன் டாக்டரிடம் எஸ்எல்டி பொருந்துமா என்று கேட்பது சரியான கேள்விதான்.

பொன்னிக்கரை:
ஒப்புக்கொள்கிறேன். அந்த எஞ்சிய 26% பேரை நான் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஊசிமுனை:
இடையில் ஒரு கேள்வி. எனக்கு 47 வயது. கண்ணாடி மாற்றப் போனபோது பிரஷர் 24, 24. நரம்பு நன்றாக இருக்கிறது, ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை) சரி, ஓசிடி (நரம்பு ஸ்கேன்) சரி. மருந்து தொடங்கவில்லை, ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். இது சரியா? பிரஷர் 21-க்கு மேல் என்றால் மருந்து போட வேண்டாமா?

விழிநலம்_நெல்லை:
21 என்பது கோடு கிழித்த எல்லை இல்லை. நரம்பு கெடாமல் பிரஷர் மட்டும் உயர்ந்திருந்தால் அதை க்ளாக்கோமா என்று சொல்வதில்லை. அமெரிக்காவில் இதற்காகவே நடந்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. மருந்தில்லாமல் விட்டவர்களில் 5 வருடத்தில் 9.5% பேருக்கு க்ளாக்கோமா ஆனது. மருந்து போட்டு 20% இறக்கியவர்களில் 4.4%. மருந்து பாதியாகக் குறைக்கிறது, அதே சமயம் மருந்தில்லாமல் விட்டவர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்கு 5 வருடத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே யாருக்கு அபாயம் அதிகம் என்று பிரித்துப் பார்ப்பார்கள். வயது, பார்வை நரம்பின் நடுவிலுள்ள குழியின் அளவு, கருவிழியின் தடிமன் முக்கியம். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா என்பதையும் பார்ப்பார்கள்.

தடிமன் அளந்தார்களா என்று கேளுங்கள், பேக்கிமெட்ரி என்பார்கள், ஒரு நிமிட வேலை. சராசரி சுமார் 540 மைக்ரான். உங்களுக்கு 600 என்றால் கருவி காட்டிய 24 உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கலாம். 490 என்றால் உண்மைப் பிரஷர் அதிகமாக இருக்கலாம், மெல்லிய கருவிழியே தனியாக ஓர் அபாயமும்கூட. காற்று ஊதி அளக்கும் கருவியில் வந்த 24 என்றால், கருவிழியைத் தொட்டு அளக்கும் முறையில் ஒருமுறை சரிபார்க்கவும்.

மருந்துக்கடை_மேலவீதி:
ஊசிமுனை சாருக்கும் மற்ற எல்லோருக்கும் ஒன்று. கண் சிவந்தால் கடையில் வந்து நேராக ஸ்டீராய்டு சொட்டு கேட்பவர்கள் இன்னும் நிறைய பேர். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இவை உட்பொருள் வரியில் இருந்தால் அது ஸ்டீராய்டு. பல சமயம் ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தே இருக்கும், பெயரை வைத்துத் தெரியாது. சில வாரம் தொடர்ந்து போட்டாலே சிலருக்குப் பிரஷர் எகிறும், வலியும் இருக்காது. கண் அரிப்புக்காக வருடக்கணக்கில் அதே சீட்டைக் காட்டி வாங்கிப் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நரம்பு போயிருக்கிறது. எங்கள் தொழிலில் இதை மறுத்துத் திருப்பி அனுப்புவதுதான் நாங்கள் செய்ய வேண்டிய முதல் கடமை. பிரஷர் உள்ளவர்கள் ஸ்டீராய்டு மாத்திரை, இன்ஹேலர், கண்ணைச் சுற்றிப் பூசும் கிரீம் எது எடுத்தாலும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கரிசல்மண் சார், அம்மாவின் இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் கண்ணுக்காக இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கரிசல்மண்:
இருக்கிறது, புடெசோனைடு என்று போட்டிருக்கிறது. டாக்டரிடம் பேசிவிட்டேன். வீசிங் என்றதும் கூட்டு மருந்தை உடனே ரத்து செய்துவிட்டார். புது லாட்டனோபிராஸ்ட் பாட்டிலோடு 5 வாரம் கழித்து வரச் சொன்னார். இறங்காவிட்டால் பிரின்சோலமைட் சேர்ப்பதாகவும், எஸ்எல்டி பற்றி அப்போது பேசலாம் என்றும் சொன்னார். இன்ஹேலரைத் தொடரச் சொல்லி, போட்டதும் வாய் கொப்பளிக்கச் சொன்னார். இரண்டு மருந்து வந்தால் எந்த வரிசையில் போடுவது? அம்மா தலைகீழ் ஆசனம் எல்லாம் செய்வதில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் முழுதும் குடிப்பார். பக்கத்து வீட்டில் நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைக்கச் சொல்கிறார்கள்.

வார்டு_சிஸ்டர்:
வரிசையைவிட இடைவெளிதான் முக்கியம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது 5 நிமிடம். உடனே விட்டால் முன்னது கழுவிப் போய்விடும். 10 நிமிடம் என்று சொல்லும் டாக்டர்களும் உண்டு, முடிந்தால் அப்படியே செய்யுங்கள். தெளிந்த மருந்து முதலில், குலுக்கிப் போடும் மருந்து அடுத்து, ஜெல்லோ களிம்போ இருந்தால் கடைசி. காலையில் பிரின்சோலமைட், இரவில் முதலில் லாட்டனோபிராஸ்ட், பிறகு பிரின்சோலமைட் என்று வரும். இரண்டு பாட்டில் மூடிக்கும் வேறு வேறு நிற நூல் கட்டிவிட்டால் அம்மா குழப்பிக்கொள்ள மாட்டார்.

நோன்பு வைப்பவர்கள் கேட்பதால் இதையும் சேர்க்கிறேன். இரவு ஒரு வேளை மருந்து நோன்பு திறந்தபின் வந்துவிடும். இரண்டு வேளை மருந்தை சஹர் நேரத்திலும் நோன்பு திறந்தபின்னும் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் முழுவதும் நிறுத்திவிடாதீர்கள்.

தெளிவிழி:
தண்ணீர் பற்றிக் கேட்டது நல்லது. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் கண் பிரஷர் கொஞ்ச நேரத்துக்கு ஏறும். இதையே பரிசோதனையாகவும் பயன்படுத்துவது உண்டு. அதே தண்ணீரை அரை மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்கட்டும், குறைக்க வேண்டாம். சிரசாசனம் அம்மா செய்யாவிட்டாலும் இங்கே வாசிப்பவர்களுக்காக: சென்னையில் யோகா செய்பவர்களை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. சிரசாசனத்தில் நிற்கும்போது பிரஷர் இரண்டு மடங்காகிறது. க்ளாக்கோமா உள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். சர்வாங்காசனத்தையும் தலை கீழே தொங்கும் மற்ற ஆசனங்களையும் விட்டுவிடுவது நல்லது. நடைப்பயிற்சி நல்லது.

நந்தியாவட்டைப் பூ, தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். பிரஷரை அவை இறக்காது, கருவிழியில் புண் வந்தால் பார்வை போகும். பொன்னாங்கண்ணிக் கீரையைத் தாராளமாகச் சாப்பிடட்டும், அது உணவு, இதற்கு மருந்து இல்லை.

அம்மா தானாகவே நிறுத்திவிடாமல் இருக்க ஒன்றை அவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். இந்த மருந்தால் பார்வை தெளிவாகாது. போன நரம்பு திரும்பாது. மாதக்கணக்கில் போட்டும் "ஒரு மாற்றமும் தெரியலையே" என்றுதான் பலர் நிறுத்துகிறார்கள். மாற்றம் தெரியாமல் இருப்பதற்காகத்தான் இந்த மருந்தே.

விழிநலம்_நெல்லை:
அதோடு பரிசோதனை நாள் பற்றியும். டாக்டரைப் பார்க்கும் நாளிலும் வழக்கம்போல் மருந்து போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பிரஷர் பார்க்க வேண்டும் என்று காலைச் சொட்டை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. இதற்கு எதிர்ப்பக்கம் இன்னும் ஆபத்து: மாதக்கணக்கில் விட்டுவிட்டு, பரிசோதனைக்கு ஒரு வாரம் முன் மட்டும் ஒழுங்காகப் போடுவது. அறையில் பிரஷர் 16 காட்டும். ஆனால் ஃபீல்டு டெஸ்டில் ஒவ்வொரு முறையும் கறுப்பு பெருகும். 16-லும் கெடுகிறதே என்று டாக்டர் அறுவை சிகிச்சை வரை யோசிக்க வேண்டி வரும். எத்தனை நாள் விடுபட்டது என்று உள்ளபடி சொன்னால் அந்த அறுவையே தேவைப்படாமல் போகலாம். காலிப் பாட்டில்களை எறியாமல் பையில் போட்டுக் கொண்டுபோங்கள், திறந்த தேதி எழுதியிருந்தால் அதுவே கணக்கு.

ஊசிமுனை:
பேக்கிமெட்ரி கேட்டு எடுத்தேன், 572. ஆறு மாதம் கழித்துப் பார்ப்பதே சரி என்றார்கள். இன்னொன்று. அத்தைக்கு மருந்து போட்டு ஒரு வருடமாகக் கண் மணலாக உறுத்துகிறது, சிவப்பு. மருந்தா, வேறெதாவதா?

தெளிவிழி:
இரண்டும் இருக்கலாம். பாட்டில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடு கண்ணின் மேற்பரப்பை வறட்டும். இரண்டு மூன்று பாட்டில் போடுபவர்களுக்கு அதிகம். பதனப்பொருள் இல்லாத வகை கிடைக்கிறது, விலை கூடுதல். ஒற்றை வேளைக் குப்பியை அன்றே போட்டுவிட்டு எறிய வேண்டும், மிச்சத்தை நாளைக்கு வைக்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டு மருந்து போட்டு 15 நிமிடம் கழித்து லென்ஸ் போட வேண்டும். உறுத்தலுக்காக அத்தை தானாக நிறுத்த வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

உறுத்தல் வேறு, வலி வேறு என்பதையும் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று ஒரு கண்ணில் கடுமையான வலி, அந்தப் பக்கம் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம், பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் அது கோணம் மூடிக்கொண்ட அவசர நிலை. சொட்டைக் கூட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், அன்றிரவே கண் மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி இருப்பதால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து நேரத்தை இழப்பவர்கள் உண்டு.

கரிசல்மண்:
கடைசியாக ஒன்று. வைகாசியில் அம்மா தம்பி வீட்டுக்கு டெல்லி போகிறார், ரயிலில் இரண்டு இரவு. பாட்டிலை ஐஸ் பையில் வைக்க வேண்டுமா?

மருந்துக்கடை_மேலவீதி:
வேண்டாம் சார். லாட்டனோபிராஸ்டின் மூலக் குறிப்பிலேயே, கொண்டுபோகும்போது 40 டிகிரி வரை 8 நாளுக்கு மிகாமல் தாங்கும் என்று இருக்கிறது. அட்டைப்பெட்டியோடு கைப்பையில் வைத்து, ஜன்னல் வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஐஸ் கட்டியை ஒட்டி வைத்தால் உறைந்து கெடும். சீட்டின் கீழே தள்ளும் பெட்டியில் வைக்காதீர்கள், இரவில் எடுக்கச் சோம்பல் பட்டு அன்றைக்கு விடுபட்டுப் போகும். காரில் போவதாக இருந்தால் மட்டும் டேஷ்போர்டில் வைத்துவிட்டு இறங்கக் கூடாது, பூட்டிய காருக்குள் 40 சீக்கிரமே தாண்டிவிடும். திறக்காத பாட்டில் ஒன்று கூடுதலாகவும், டாக்டர் சீட்டின் நகல் ஒன்றும் கொடுத்துவிடுங்கள். டெல்லியில் அதே பிராண்டு கிடைக்காவிட்டாலும் லாட்டனோபிராஸ்ட் 0.005% என்று கேட்டால் கிடைக்கும்.